பிடி மட்டும்தான் பாக்கி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை, புகார்க் கடிதமாகத் தொடங்கியது. கையாலேயே கத்தி செய்து தரும் ஒருவரிடம் ஒரு கத்தி சொல்லியிருந்தேன். ஆறு வாரம் என்றார். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. "மதிப்பிற்குரிய ஐயா, நீரெல்லாம்" என்று ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் என் மனைவி எட்டிப் பார்த்து, "இதப் படிச்சா அவர் கத்திய அனுப்பமாட்டார், நேர்ல கொண்டுவந்து குத்துவார்" என்றாள். சரி, கதையாக எழுதியே மனிதரை நாறடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் வரி: அந்தக் கத்திக்காரன் ஒரு அயோக்கிய

(நிறுத்திவிட்டேன். ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் திட்டிவிட்டால் மிச்சப் பக்கங்களில் என்ன செய்வது?)

2

காத்திருப்பவனாக என்னையே போட்டால் வாசகர்கள் கத்திக்காரர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஆகவே ஒரு தையல்காரரைப் பிடித்துப் போட்டேன்.

தையல்காரரின் மனைவி பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைப்பவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசையாக வாங்கிய கத்தி ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கக் கிளம்பினார். டப்பாவின் மூடி திறக்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் இரண்டடி தள்ளி இருந்தது. கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டணக்.

(இந்த இடத்தில் பாதி வாசகர்கள் அவரைக் கைகழுவியிருப்பீர்கள். பொறுங்கள், எனக்கு அவர் இன்னும் மூன்று பகுதிகளுக்கு வேண்டும்.)

மனைவி சத்தம் போடவில்லை. முனை போன கத்தியைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "பரவால்ல" என்றார். அந்தப் "பரவால்ல"வுக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தையல்காரருக்குத் தோன்றியது. மறுநாளே பிடியின் அளவுக்காக மனைவியின் கையைக் காகிதத்தில் வரைந்து, பட்டறைக்குத் தபாலில் அனுப்பி, புதுக் கத்திக்குச் சொன்னார்.

"ஆறே வாரம்மா. பழச விடப் பிரமாதமா வரும் பாரு."

ஆறு வாரம் ஆனதும் மனைவி கேட்டார், "வந்துடுச்சாங்க?"

"நாளைக்கு."

தினமும் கேட்டார். தினமும் நாளைக்கு. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கேட்கவில்லை. புதன்கிழமையும் கேட்கவில்லை. தையல்காரருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கேட்கிறவரை கொஞ்சமாவது நம்புகிறாள் என்று இருந்தது. இனி நான் எதைச் சொன்னாலும் இவள் நம்பப்போவதில்லை என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

3

ஃபோன் காட்சியை ஏழு தடவை எழுதினேன். ஏழிலும் கத்திக்காரரே ஜெயித்தார்.

"ஐயா, என் கத்தி..."

"முடிஞ்சுது சார். பிடி மட்டும்தான் பாக்கி."

"போன மாசமும் பிடிதானே பாக்கி?"

"மரம் காயணுமில்ல சார்."

"அதுக்கு முந்தின மாசம்?"

"அப்ப மழை."

தையல்காரர் கொதித்துப்போனார். சாக்குச் சொல்வதில் அவருக்கே முப்பது வருட அனுபவம். "இஸ்திரி மட்டும்தான் பாக்கி" என்று அவர் திருப்பியனுப்பியவர்களை வரிசையாக நிறுத்தினால் தெரு போதாது. "யாருகிட்ட? எனக்கே காது குத்துறானா?" என்று கத்தரிக்கோலிடம் கேட்டார்.

[குறிப்பு: இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பத்திரிகை ஆசிரியர் ஃபோன் செய்து, கதை எப்போது வரும் என்றார். "முடிஞ்சுது சார், முடிவு மட்டும்தான் பாக்கி" என்றேன். மழை என்றும் சொல்லியிருப்பேன், அவரும் இதே தெருவில்தான் இருக்கிறார்.]

4

நேரில் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று தையல்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். பட்டறையில் கத்திக்காரர் குறட்டைவிட்டுத் தூங்கவேண்டும் என்பது என் திட்டம். மனிதர் என்னை மதிக்கவே இல்லை. முதுகைக் காட்டியபடி சாணைச் சக்கரத்தின் முன் நின்று வியர்க்க விறுவிறுக்க வேலை செய்துகொண்டிருந்தார்.

தையல்காரர் வாயைத் திறந்தார். திறந்தது திறந்தபடி நின்றது.

அவருக்கு யாருடைய முகமும் நினைவிருக்காது, பெயரும் நிற்காது. அளவு மட்டும் சாகும்வரை மறக்காது. இடுப்பு முப்பத்தெட்டு. இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். ஐயோ, இந்த முதுகை நான் அளந்திருக்கிறேனே!

"கோட்டு" என்றார் ஈனஸ்வரத்தில்.

சக்கரம் நின்றது. "அப்பாடா, ஞாபகம் வந்துடுச்சா? ரெண்டு வருஷம் சார். ரெண்டு குளிர்காலம் போர்வையப் போத்திக்கிட்டு வேலைக்கு வந்தேன்."

"அது முடிஞ்சுது சார்..."

"சொல்லுங்க, சொல்லுங்க. இஸ்திரிதானே பாக்கி?"

கத்திக்காரர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே மனைவியின் கத்தி, பிடியோடு, பளபளவென்று.

"பதிமூணு மாசமா ரெடியா கிடக்கு. உங்க கடை விலாசத்தப் பாத்ததுமே முடிவு பண்ணிட்டேன். கோட்டு வந்தாத்தான் கத்தி."

"காஜாதான் சார் பாக்கி. பட்டன் ஓட்டை. அதெல்லாம் என் மனைவியோட கைவேலை. கத்தி உடைஞ்ச அன்னிக்கு ஊசியக் கீழ வெச்சவ, இன்னும் எடுக்கல."

"அதுக்கு முந்தி பத்து மாசம்?"

"அது... சும்மா நான்தான்."

கத்தி வந்தால்தான் ஊசி, ஊசி எடுத்தால்தான் கோட்டு, கோட்டு வந்தால்தான் கத்தி. இரண்டு பெரிய மனிதர்கள் நின்று பேய்முழி முழித்தார்கள். இந்த முடிச்சை நான் போடவில்லை. நம்பினால் நம்புங்கள்.

5

சாயங்காலம் மனைவி கேன்டீனிலிருந்து வந்தபோது, தையல்காரர் மடியில் கோட்டோடு உட்கார்ந்து முதல் காஜாவைப் போட்டு முடித்திருந்தார். அது எலி கடித்தது போல் இருந்தது.

"யாரோட கோட்டு?"

"ஒரு புதுக் கஸ்டம

(வரியை நான் அடிக்கவில்லை. பொய்யை அவரே பாதியில் விட்டுவிட்டார்.)

பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். "தப்பு என்னோடதும்மா. உன் கத்தி எப்பவோ ரெடி. நான் ஒருத்தர குளிர்ல நிக்க வெச்சேன், அவர் உன் கத்தியப் புடிச்சு வெச்சிட்டார். நாளைக்கு வரும்னு சொல்லமாட்டேன். எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. நான் போடற காஜாவ வெச்சுப் பாத்தா, வராது."

மனைவியின் பதிலை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஒன்றில் கோட்டைத் தூக்கி எறிகிறார். ஒன்றில் ஒன்றரைப் பக்கம் பேசுகிறார். என் மனைவி வாங்கிப் படித்தாள். பென்சிலை எடுத்து மூன்றையும் அடித்தாள்.

"அவ ஒண்ணும் சொல்லமாட்டா. கைய நீட்டுவா. அவ்வளவுதான்."

"எதுக்கு? ஊசிய வாங்கவா, அறையவா?"

"அவர் உண்மையச் சொன்னதுக்கப்புறம் அது அவங்க ரெண்டு பேர் விஷயம். நீங்க எதுக்கு நடுவுல மூக்க நுழைக்கிறீங்க?"

நியாயம்தான். மூக்கை எடுத்துவிட்டேன். கை நீட்டியபடி இருக்கிறது. தையல்காரர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் வேண்டுமானால் இருந்து பாருங்கள். இல்லாவிட்டால், போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போங்கள்.