திடலில் என்ன போடலாம்

1

மாலை நான்கு மணி. நகரமைப்பு அலுவலகத்தில் மின்விசிறி சோர்வாகச் சுற்றிக்கொண்டிருந்தது. [மின்விசிறியை எடுத்துவிடலாம். அலுவலகம் என்றாலே கதைக்காரர்களுக்கு ஒரு சோர்ந்த மின்விசிறி வேண்டும்.]

மாலை நான்கு மணி. அதற்கு முன், இந்தக் கதை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு திடலைக் காப்பாற்றும் கூட்டத்துக்குப் போயிருந்தேன். டீ நன்றாக இருந்தது, கடைசிவரை உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லோரும் திடலை நேசித்தார்கள். நேசித்த கையோடு ஆளுக்கொரு கட்டடம் கேட்டார்கள்.

2

அவள் வரைபடக்காரி. நகர விரிவாக்கப் படம் வரைவது அவள் வேலை. நகரின் ஓரத்துத் திடலுக்கு மட்டும் அந்தப் படத்தில் இன்னும் நிறம் இல்லை. 'பயன்பாடு' என்ற கட்டத்தில் எதையாவது எழுதினால் திடல் தப்பும். காலியாக விட்டால் வீட்டுமனை. நாளைக் காலை படம் அச்சுக்குப் போகிறது.

அவள் அக்காவின் வீடு திடலை ஒட்டிய தரைத்தளம். போன மழையில் தெருத் தண்ணீர் முழுவதும் திடலில் இறங்கி நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. கோடையில் தெருவுக்குக் காற்று வருவதும் அந்தப் பக்கமிருந்துதான். (காற்றைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. அழகாகவே இருந்தது. அடித்துவிட்டேன்.)

3

திடல் காப்புக் குழுவின் செயலாளர் அக்காவின் கணவர். [முதலில் இவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். அதற்கு அவருக்குத் திறமை போதவில்லை.] அக்காவையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"நடக்கறதுக்கு ஒரு சிமெண்ட் பாதை போட்டுடும்மா. அப்புறம் உடற்பயிற்சிக் கூடம், நூலகம். வண்டி நிறுத்தவும் இடம் வேணும்."

"திடல் எங்க மாமா?"

"அதைத்தானே காப்பாத்திட்டிருக்கோம்."

கேட்டதையெல்லாம் அவள் பென்சிலால் வரைந்தாள். மிஞ்சியது கைக்குட்டை அளவு.

"அங்க ஒரு பலகை வைக்கலாம்," என்றார் மாமா. "திறந்தவெளியைக் காப்போம்னு."

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அடுத்த மழைக்குத் தண்ணி உங்க நூலகத்துல உக்காந்து படிக்குமா?"

மாமா பேச்சை மாற்ற வானத்தைப் பார்த்தார். அறைக்குள் வானம் இல்லை.

4

[இந்தப் பகுதி காலியாக இருக்கிறதே, ஒரு காதல் வைக்கலாமே என்றார் பதிப்பாளர். காலியாகவே இருக்கட்டும்.]

5

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். முதலாவதில் அவள் கட்டத்தைக் காலியாக விடுகிறாள். திடலில் அடுக்குமாடி எழுகிறது, அதற்குப் பெயர் 'பசுஞ்சோலை'. இரண்டாவதில் கேட்டதெல்லாம் வரைகிறாள்; குழு கைதட்டுகிறது, அக்கா சாமான்களைப் பரணில் ஏற்றுகிறாள். மூன்றாவதில் அவள் விருட்டென்று எழுந்து, கண்கள் சிவக்க

வேண்டாம். அவள் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அவள் ரப்பரை எடுத்தாள். பாதை போனது, கூடம் போனது, நூலகம் போனது. மாமாவின் முகமும் பாதி போனது. கட்டத்தில் 'மழைநீர் நிற்க' என்று எழுதி, படத்தை அதிகாரியின் அறைக்குக் கொண்டுபோனாள்.

அதிகாரி நல்லவர். எதையும் சும்மா விட்டுப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான். பேனாவைத் திறந்தார். மூடினார். அவர் கேட்டதற்கு நான் எழுதிப் பார்த்த பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு கட்டடத்தில் போய் முடிந்தன. அவள் நின்றுகொண்டிருக்கிறாள். எதிர் நாற்காலி உங்களுக்கு, பதிலை நீங்களே சொல்லுங்கள்.

"மழை சரிம்மா. மழை இல்லாத நாள்ல அங்க என்ன நடக்கும்?"