புன்னையடியில் ஊற்றிய பால்

வரப்பு சாரலில் ஊறி வழுக்கியது. பலவேசம் ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் துண்டு சுற்றிய பொட்டலத்தை வயிற்றோடு அணைத்தபடி நடந்தார். முன்னால் மாடன் மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் போய்க்கொண்டிருந்தான். இருபது வருடமாக இந்த இலஞ்சி வயலில் வேலை செய்கிறவன், அவன் காலுக்கு வரப்பு பழக்கம். பலவேசத்தின் காலுக்குத் தென்காசிக் கடைத்தெருதான் பழக்கம். இரண்டு தடவை சேற்றில் சறுக்கினார். இரண்டு தடவையும் தன்னை விட்டுவிட்டுப் பொட்டலத்தைத்தான் காப்பாற்றினார்.

அவர் மனைவி உலகம்மை விடிகிற நேரத்தில் போய்விட்டாள். கூடத்தில் கிடத்தித் தலைமாட்டில் விளக்கேற்றியிருந்தார்கள். வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் சந்தனமாரி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவள் முகம் பார்த்ததும் எடுத்துவிடலாம் என்று பேசினார்கள். எங்கே எடுப்பது என்பதில்தான் சிக்கல். அவர்கள் வகையறாவில் எரிப்பதுதான் வழக்கம். உலகம்மையோ நாலு நாளைக்கு முன்பே தன் தம்பி பால்வண்ணநாதனைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"அக்காவ எரிக்கக் கூடாது அத்தான்," என்றான் பால்வண்ணநாதன். "வயக்காட்டுல புன்னைக்குக் கீழ, அந்தக் கலயம் இருக்க குழியிலயே வைக்கணுமாம். கலயத்த எடுத்து நெஞ்சுமேல வச்சு மூடணும்னா. வந்த ஒடம்பு முழுசாப் போவணும்லா. எடம் ஒங்களுக்குத்தான தெரியும். மாடனக் கூட்டிட்டுப் போயி தோண்டி வையுங்க, நாங்க தூக்கிட்டு வாறோம்."

பலவேசம் தலையாட்டினார். வயலுக்கு நேர்வழி இருக்க, குயவர் தெருவைச் சுற்றி ஒரு புதுக் கலயம் வாங்கிக்கொண்டு போனார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அவர் மடியில் இருந்த புதுக் கலயத்துக்குள் ஒன்றுமே இல்லை, பயம் மட்டும் இருந்தது. புன்னையடியிலும் ஒன்றும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் எண்ணியிருந்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஐம்பத்தெட்டாம் வருடத்து ஆடியில், உலகம்மையின் இடது மார்பில் கட்டி வந்தது. புளியங்கொட்டை அளவில் இருந்தபோது மறைத்தாள், எலுமிச்சங்காய் அளவு ஆனபோது சொன்னாள். குற்றாலத்துத் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், ஒரு மண்டலம் அடித்தால் கரைந்துவிடும் என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். பலவேசமும் நம்பி, தினமும் வண்டி கட்டிக் கூட்டிப்போனார். பெண்கள் பக்கத்தில் அவள் இடது தோளை அருவிக்குக் கொடுத்துப் பல்லைக் கடித்து நின்றாள். தோல் சிவந்தது, கட்டி பெரிதானது. அருவியைச் சொல்லி என்ன? மலையிலிருந்து விழுவது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

பிறகுதான் தெற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மார்பை முழுதாக எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. பலவேசம் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அறுவை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லி, நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். உலகம்மை தாலியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தபோதும் அழவில்லை. அவர் கையை மூடிவிட்டுச் சொன்னாள்.

"அறுத்தத அவங்ககிட்ட கேட்டு வாங்கிருங்க. நம்ம மக குடிச்ச பாலு அதுல ஊறுனதுதான. குப்பையில கெடந்து நாய் நரி இழுக்க விட்டுராதிய. ஒரு கலயத்துல வச்சு நம்ம மண்ணுல பொதச்சிருங்க."

"சரிட்டி, வாங்கிருதேன்," என்றார் பலவேசம்.

வாங்கவில்லை. கதவு திறந்து ஒரு நர்ஸ் மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். பெஞ்சில் இருந்தவர் எழுந்துவிட்டார். வாயையும் திறந்தார். கடையில் உட்கார்ந்தால் தெருமுனை வரை கேட்கும் குரல் அவருக்கு. அந்த வெள்ளை உடுப்புப் பெண்ணிடம், அதைக் கொடுங்கள் என்று சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. எதைக் கேட்கிறீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டால் என்னவென்று பெயர் சொல்வது? அவள் பத்து எட்டில் தாழ்வாரம் திரும்பிப் போய்விட்டாள். மூடி மட்டும் கிண்ணத்தின் மேல் ஒருமுறை தட்டியது. அன்றிலிருந்து எங்கே பாத்திர மூடி தட்டினாலும், தராசைப் பிடித்திருந்த கையோடு அவர் எழுந்து நின்றுவிடுவார்.

மூன்றாம் நாள் கண் தெளிந்து அவள் கேட்டபோது, "நேத்து ஊருக்குப் போயி, நம்ம புன்னைக்குக் கீழ பொதச்சிட்டு வந்துட்டேன்," என்றார். அன்றுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். எந்த மருந்தும் செய்யாததைப் பொய் செய்தது.

ஊருக்கு வந்தபிறகு இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி அடுக்களைச் சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றுவாள். வலியில் வேர்த்துக் கொட்டும். எட்டிய இடத்தில் ஒரு கரிக்கோடு. மறுநாள் அதற்கு மேலே அரை விரற்கடை. கொண்டையைத் தானே முடிந்த அன்றைக்கு, ஒரு செம்பில் பால் எடுத்துக்கொண்டு, இடத்தைக் காட்டுங்கள் என்று கிளம்பிவிட்டாள். பலவேசம் வடக்கு வேரைக் காட்டினார். அதன்பின் வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே பால் ஊற்றினாள். அவர் பல தடவை கூடப் போய் நின்று பார்த்தார். ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் போவார்.

இந்தச் சித்திரையில் வலி முதுகெலும்புக்கு வந்தது. இன்று விடியற்காலை, கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"அத அங்கனதான பொதச்சிய?"

"ஆமா."

"சரி," என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறக்கவேயில்லை.

புன்னையடிக்கு வந்ததும் பலவேசம் குரலைச் சரிசெய்துகொண்டார். "ஏலே மாடா, களத்துல கூடை கெடக்கும். மண்ணு அள்ள எடுத்துட்டு வா."

மாடன் நகரவில்லை. துண்டு நழுவிப் புது மண்ணின் சிவப்பு வெளியே தெரிந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"மொதலாளி, அந்தக் கலயம் வேண்டாம்."

"எந்தக் கலயம்?"

"கையில இருக்கது." மாடன் மண்வெட்டியை ஊன்றினான். "சிற்றாத்துல பெருவெள்ளம் வந்துதுல்லா, நாலு வருசத்துக்கு முந்தி. தண்ணி இங்கன வர ஏறிட்டு. ஆச்சி மறுநாளே ஓடி வந்தாவ. கலயத்த மேட்டுல மாத்தி வைக்கணும், தோண்டுலேன்னாவ. தோண்டுனேன். வேர சுத்தித் தோண்டுனேன். ஒண்ணும் இல்ல."

பலவேசம் கலயத்தை மறுபடி துண்டால் மூடினார். "வெள்ளம் கொண்டுட்டுப் போயிருக்கும்."

"மண்ணு கலையாத மண்ணு மொதலாளி. ஆச்சிக்கும் தெரிஞ்சிட்டு. மத்தியானம் வரைக்கும் அந்த வேருல இருந்தாவ. பொறவு மூடுலேன்னுட்டு, கொண்டுவந்த பால ஊத்துனாவ. அவியகிட்ட சொல்லிராத, சங்கடப்படுவாவன்னாவ. நான் இன்னைக்கு வரைக்கும் மூச்சு விடல."

பலவேசம் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாலு வருட வெள்ளிக்கிழமைகள். ஒன்றுமில்லை என்று தெரிந்தே ஊற்றியிருக்கிறாள், அவர் பக்கத்தில் நிற்க. ஒவ்வொரு தடவையும் அவர் வாயைப் பார்த்திருப்பாள். விடியற்காலை அவள் கேட்டதுகூடச் சந்தேகம் தீர்வதற்காக அல்ல. சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள், அவர் ஆமா என்றார். இல்லாத கலயத்தை நெஞ்சில் வைக்கச் சொல்லித் தம்பியிடம் சத்தியமும் வாங்கிவிட்டாள். இது மன்னிப்பா தண்டனையா என்று கேட்க இனி ஆளில்லை. அவருக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

"தோண்டட்டா மொதலாளி?"

"தோண்டு."

குழி இடுப்பளவு ஆனபோது வாய்க்கால் பக்கம் சங்குச் சத்தம் கேட்டது. பாடையை வரப்பில் தூக்கி வர முடியாமல் ஆட்கள் சேற்றிலேயே இறங்கி வந்தார்கள். வழக்கம் மீறிச் சந்தனமாரியும் சித்திமார் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். பால்வண்ணநாதன் முன்னால் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

"கலயம் கெடச்சுதா அத்தான்?"

"இல்ல மாப்ள. நான் பொதைக்கவே இல்ல."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். ஆறு வருடமாக வராத குரல் சுலபமாக வந்துவிட்டது. பால்வண்ணநாதன் அவர் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு தோளில் கை வைத்தான்.

"ஆறு வருசமாச்சுல்லா அத்தான், மண்ணோட மண்ணாப் போயிருக்கும். நீங்க ஒழுங்காத்தான் செஞ்சிய, அக்கா எத்தனையோ தடவ சொல்லியிருக்கா. மனச விட்டுராதிய." பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாக, "ஒரு வாரமாத் தூக்கம் இல்ல, அதான் இப்படிப் பேசுதாவ," என்றான்.

"இல்ல மாப்ள, நெசமாத்தான்," என்று பலவேசம் மறுபடி தொடங்கினார். அவர் கையில் வாய்க்கரிசியைக் கொடுத்துவிட்டார்கள்.

குழிக்குள் நின்று வாங்க ஆள் வேண்டும் என்றபோது அவர்தான் முதலில் இறங்கினார். வயதானவர் வேண்டாம் என்று மேலே யாரோ சொன்னார்கள், அவர் காதில் வாங்கவில்லை. கால்பக்கம் பால்வண்ணநாதன், தலைப்பக்கம் அவர். உலகம்மை கனமே இல்லாமல் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள்முதல் அந்த இடது பக்கத்தில் அவர் கைபட அவள் விட்டதில்லை. தூக்கத்தில் பட்டால்கூட எடுத்து அப்பால் வைப்பாள். இப்போது தோளைத் தாங்கி இறக்கியதில் அவர் கை அங்கே போய் அமர்ந்தது. கோடிச்சேலைக்குக் கீழே விலா எலும்புகள் தட்டுப்பட்டன.

பால்வண்ணநாதன் மேலே ஏறிவிட்டான். சந்தனமாரியின் அழுகை கொஞ்சம் ஓய்ந்து, புன்னை இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"அத்தான், கைய எடுங்க. மண்ணு போடணும்," என்றான்.

இன்னொரு தடவையும் அவன் சொல்ல வேண்டியிருந்தது.