மொட்டைமாடி ஏரி

அந்த அலுவலகத்தின் மொட்டைமாடியில் ஓர் ஏரி இருந்தது. எல்லா அலுவலகங்களிலும் இருப்பதுதான். இன்பவல்லி அதைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். காலையில் கரையைச் சுற்றிவந்தாள். கிழக்குப் பக்கம் விரிசல் விட்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். விரிசல் அவள் விரல்களை உள்ளே இழுத்தது.

சக்கர நாற்காலியைத் திருப்பி லிஃப்டில் கீழே வந்தாள். மேலாளர் தணிகாசலம் எழுந்து நின்றார்.

"சார், ஏரிக்கரை உடையப்போகுது. எல்லாரையும் வெளிய அனுப்புங்க."

தணிகாசலம் அவளுக்குப் பக்கத்தில் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அந்த வெற்றிடத்திடம் கேட்டார்.

"மேடம் காபி குடிப்பாங்களா?"

"என்கிட்ட கேளுங்க சார். காபி வேணாம். கரை உடையுது."

"சர்க்கரை போடலாமா?"

வெற்றிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவர் தலையாட்டிக்கொண்டார்.

பின்னாலிருந்து யாரோ நாற்காலியைத் தள்ளத் தொடங்கினார்கள்.

"விடுங்க. நானே போய்க்குவேன்."

"இருக்கட்டும்மா. இதுல என்ன இருக்கு."

பிரேக்கை அழுத்தினாள். அது கேட்கவில்லை. தள்ளத் தள்ள நடைக்கூடம் நீண்டது. பின்னால் வாசல் சிறுத்துக்கொண்டே போனது. இருபுறமும் ஆட்கள் பொன்னாடையோடு நின்றார்கள். ஒவ்வொருவராகப் போர்த்தினார்கள்.

"இந்த நிலைமையிலயும் வேலைக்கு வர்றீங்களே!"

"மேல தண்ணி சொட்டுது, பாருங்க!" என்று கத்தினாள். பொன்னாடைகள் மோவாயைத் தொட்டுவிட்டன. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னமா பேசறாங்க," என்றார்.

கரை உடைந்தது. கூரை வழியாக ஏரி இறங்கியது. கெண்டைகள் மேசைகள்மேல் துள்ளின. யாரும் ஓடவில்லை.

"மேடத்தைத் தூக்குங்க!" என்றார் தணிகாசலம்.

நாற்காலியோடு தூக்கிப் பிடித்தார்கள். தண்ணீர் அவர்கள் கழுத்துக்கு வந்தது.

"இறக்கி விடுங்க! எனக்கு நீந்தத் தெரியும். படிக்கட்டு பின்னாடி இருக்கு, திரும்புங்க!"

"பயப்படாதீங்கம்மா. நாங்க இருக்கோம்ல?" என்று சொன்ன தணிகாசலத்தின் வாயில் தண்ணீர் புகுந்தது. மூழ்கிப்போனார்.

இன்பவல்லி பொன்னாடைகளை உதறினாள். நாற்காலியிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் இறங்கினாள். கலங்கலில் எதுவும் தெரியவில்லை. துழாவித் துழாவி ஒரு சட்டைக் காலரைப் பிடித்தாள். மனிதர் கனத்தார். அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. தண்ணீருக்கடியில் அவர், சிரமப்பட வேண்டாம் என்பதுபோலக் கையசைத்தார். அவள் விடவில்லை. படிக்கட்டுவரை இழுத்து வந்தாள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பிடித்தபடி அவள் பின்னால் வந்தார்கள்.

படிகளில் நனையாத கூட்டம் ஒன்று மாலையோடு காத்திருந்தது.

"மேடத்தைக் காப்பாத்திட்டீங்களே சார்!"

தணிகாசலம் இருமித் தண்ணீரைக் கக்கினார். இன்பவல்லியைப் பார்த்தார். பிறகு குனிந்து மாலைக்குக் கழுத்தைக் கொடுத்தார்.

அவள் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். தலைக்கு மேலே மேற்குச் சுவரில் ஒரு கோடு ஓடிவந்தது. கோட்டின் ஓரம் ஈரமாக இருந்தது.

"மேற்குக் கரையும் போகுது. ஓடுங்..."

ஓர் அம்மாள் அவள் கன்னத்தைத் தட்டி, வாயில் ஒரு மிட்டாயைப் போட்டாள். இன்பவல்லி அதைத் துப்பினாள்.

"வெளிய போங்க. எல்லாரும். இப்பவே!"

அம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"என்ன ஒரு தன்னம்பிக்கை, பாருங்க!"

கைதட்டத் தொடங்கினார்கள். சுவர் பிளக்கும் சத்தம் அதில் யாருக்கும் கேட்கவில்லை.