வயிறு தள்ளிய சுவர்

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து தொடங்கியது. ஞாயிறு மதியங்களில் வீட்டுக்காரர் டெஸ், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஸ்கிட்டில்ஸ் ஆடப் பப்புக்குப் போனதும், வீட்டின் பின்பக்கம் உளி தட்டும் சத்தம் கேட்கும். நான் டெஸ் தம்பதியின் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறேன். கட்டில் அதிர்வதிலேயே அது எனக்குத் தெரியும். டெஸ் திரும்பும் நேரத்தில் நின்றுவிடும்.

முதலில் இப்படி எழுதினேன்: ‘இங்கிலாந்தில், டார்செட்டின் பச்சைக் குன்றுகளுக்கு நடுவே, வைக்கோல் வேய்ந்த ஓர் அழகிய—’

அழகை விட்டுவிடுவோம். சுவரெல்லாம் ஈரம்.

2

கல்வீடு. வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசை, நடுவில் மண்ணும் கல்சில்லும். கல்லிடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்து இருந்தது. கல்யாணமான புதிதில் டெஸ் அதைச் சுரண்டிவிட்டு, மனைவி க்வெண்டாவுக்காக, சிமெண்ட் பூசினார். கோடு போட்ட மாதிரி இருந்ததாம். உள்ளே போகும் மழைநீர் சுண்ணாம்பு வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். சிமெண்ட் அதை விடாது. நடுமண் ஊறி இறங்கி, பின்சுவர் புடைத்துவிட்டது.

(சுவர் மூச்சுவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். விடாது. ஆனால் சில நாள் எனக்கே கேட்கிறது.)

“எப்போ பிரசவம், டெஸ்?” என்று பப்பில் கூட ஆடும் நாரிஸ், புடைத்த சுவரைச் சொல்லிக் கேட்பார்.

“அது என்னை மாதிரிய்யா. வயிறு தள்ளும், ஆளு சாயாது.”

கூரை வேய்பவர் வந்து பார்த்தார். வைக்கோல் நைந்திருந்தது. குளிருக்கு முன் மேலே புதிதாகப் போட வேண்டும். “மொதல்ல சுவரைப் பாருங்க. அதுவரைக்கும் ஒரு கட்டுகூட ஏத்த மாட்டேன்” என்று ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

3

க்வெண்டா சாதுவான பெண்—

அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் கையில் உளி இருக்கிறது.

“சிமெண்ட்ட எடுத்துடலாம், டெஸ்.”

“அதுதான் சுவரையே புடிச்சு வச்சிருக்கு.”

“ஈரத்தப் புடிச்சு வச்சிருக்கு.”

“உனக்காகத்தானே பூசினேன்?”

“அதனாலதான் இத்தனை வருஷம் வாய மூடிட்டு இருந்தேன்.”

டெஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவினார். முழுக்கத் தடவிய பிறகும் தடவிக்கொண்டே இருந்தார்.

(இந்த இடத்தில் எனக்கு டெஸ் மேல் சந்தேகம் வந்தது. வெறும் பிடிவாதக்காரர்தானா? உள்ளே மண் இறங்கிய பிறகு, சுவரை இப்போது நிறுத்தி வைத்திருப்பது உண்மையிலேயே அந்தச் சிமெண்டாக இருக்கலாம். இரண்டு பேரும் சரி என்றால் கதை எங்கே போகும்?)

4

ஆகவே பின்சுவரில் படர்ந்த ரோஜாக்கொடிக்குப் பின்னால், ஞாயிறுதோறும் சாண் அளவு. க்வெண்டா சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பு வைத்து, கொடியை மேலே இழுத்துவிடுவார்.

போன ஞாயிறு சன்னலுக்கு மேலிருந்த கல் அசைந்தது. இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். நான் ஓடிப்போய்க் கூடப் பிடித்தேன். கதைக்குள் வர எனக்கு விருப்பமில்லை. ஆனால் கல் கனம்.

ஆட்டம் அன்று சீக்கிரம் முடிந்துவிட்டது. டெஸ் பின்பக்கம் வந்தார். ஒதுக்கிக் கட்டிய கொடியையும் வெள்ளைக் கோடுகளையும் பார்த்தார்.

“கைய எடுத்தா விழுமா?”

“எடுத்துக் காட்டட்டுமா?”

“எடுக்காத, பொண்ணே.”

“கொட்டகையில சுண்ணாம்பு குழைச்சு வச்சிருக்கேன்.”

“சிமெண்ட்டும் அங்கதான் இருக்கு.”

டெஸ் கொட்டகைக்குள் போனார்.

5

சுண்ணாம்போடு வருகிறார் என்று எழுதினேன். தோற்றுப்போன முகத்தோடு வந்தார், எனக்குப் பிடிக்கவில்லை. சிமெண்டோடு வருகிறார் என்று எழுதினேன். க்வெண்டா கையை எடுத்துவிட்டார். சுவர் விழுகிறது என்றும் எழுதிப் பார்த்தேன். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழேதான் நான் தூங்குகிறேன். கிழித்துவிட்டேன்.

நீங்கள் சொல்லுங்கள். கொட்டகைக் கதவு திறக்கிறது. வாளி கனம்போல, அவருக்கு மூச்சு வாங்குகிறது. நாங்கள் சுவரைப் பார்த்து நிற்கிறோம், திரும்ப முடியாது. க்வெண்டா ஈரக் கல்லில் கன்னத்தை வைத்தபடி கேட்கிறார்:

“என்னத்த கொண்டு வந்திருக்க?”

சீக்கிரம். கல் நழுவுகிறது.