அரை நாள் டீச்சர்

பதினான்கு வருஷமாக நான் ஓவியர். என்ன வேலை என்று யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு, "அது சரி, வருமானத்துக்கு?" என்பார். வருமானத்துக்கு நான் என்னதான் செய்யவில்லை! பல் டாக்டர் கிளினிக் சுவரில் சிரிக்கிற பற்கள் வரைந்தேன். பாடப்புத்தகத்துக்கு மனிதக் குடல் வரைந்தேன். இன்னும் கொஞ்சம் நீளமாக வேண்டும் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். வீடு வீடாகப் போய் டிராயிங் கற்றுக்கொடுத்தேன். காலை எட்டு மணிக்கு ஒரு பஸ், பத்து மணிக்கு இன்னொரு பஸ் என்று ஏறி இறங்கியதில் செருப்புதான் தேய்ந்தது.

என் சொந்தப் படங்கள் என்று பதினொன்று இருந்தன. எல்லாவற்றிலும் யாராவது எதற்காகவாவது காத்திருப்பார்கள். வங்கி வரிசை, ஆஸ்பத்திரி பெஞ்சு, சலூன் நாற்காலி, இப்படி. "இருபது ஆகட்டும், நான் மாட்டறேன்" என்று ஒரு காட்சிக்கூடத்து அம்மா சொல்லி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பதினொன்று பதினொன்றாகவே நின்றது. வீட்டில் வரையத் தோதான இடம் சமையலறையை ஒட்டிய சின்ன அறை மட்டும்தான். காலையில் அங்கே வெளிச்சம் நன்றாக, நிதானமாக இருக்கும். மத்தியானம் ஆனால் போச்சு, வெயில் நேராகத் தாளில் வந்து உட்கார்ந்துகொள்ளும், எந்த நிறத்தை வைக்கிறோம் என்றே தெரியாது. ஆக, எனக்கு வேண்டியது காலை. அந்தக் காலையைத்தான் நான் தினமும் பஸ்ஸில் தொலைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் நாத்தனார் அந்த விளம்பரத்தைக் கொண்டுவந்தார். அவர் நர்ஸ், ஆளையும் காயத்தையும் ஒரே மாதிரி பார்த்துவிட்டுச் சட்டென்று முடிவு சொல்கிறவர். பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியர் வேண்டும். தையல், தச்சு, நகை வேலை படிக்கிறவர்கள் எல்லாருக்கும் கைப்பழக்கத்துக்கு வரையக் கற்றுத்தர வேண்டும். முழு நேர வேலை, எட்டரை முதல் நாலு வரை.

"அரை நாள் குடுப்பாங்களான்னு கேட்டுப் பார்க்கறேன், அண்ணி."

"கேட்டுக் கெடுத்துக்காதே. முதல்ல வேலையை வாங்கு, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம்னா எப்போ?"

"அப்புறம்னா அப்புறம்தான்!"

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தன் அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சு முற்றினால் அவரும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுவார். "ரெண்டு பேர் சொல்றதிலயும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் மட்டும் மனசுக்குள் தீர்மானம் செய்துகொண்டேன்: கேட்பேன், முடியாது என்றால் எழுந்து வந்துவிடுவேன். தீர்மானம் செய்வது சுலபம். வீட்டுச் சூழ்நிலையில் எழுந்து வர முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

நேர்காணல் கடிதத்தில், பத்துப் பேருக்குக் கால் மணி நேரம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும், பிறகு மூவர் குழு கேள்வி கேட்கும் என்று இருந்தது. வாசலில் இருந்த உதவியாளரிடம் கடிதத்தைக் காட்டினேன். "மூணாவது மாடி, கடைசிப் பக்கம். உட்கார்ந்திருக்காங்க, போங்க" என்றார். லிஃப்ட் ஓடவில்லை. மாடி ஏறி மூச்சு வாங்க, கடைசி அறைக் கதவைத் தள்ளினேன். நீள மேஜையைச் சுற்றி மூன்றே பேர். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட நரைத்தலை அம்மா ஒருவர், டை கட்டிய ஒருவர், சட்டைக் காலரில் மரத்தூள் ஒட்டிய ஒருவர். பத்துப் பேர் என்று சொல்லிவிட்டு மூன்று பேரைத்தான் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் பழக்கதோஷம் ஒன்று உண்டு. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் அவர்கள் முன்னால் தாளை வைக்காமல் என்னால் இருக்க முடியாது.

"வணக்கம். லேட்டெல்லாம் இல்லையே? எடுங்க பென்சிலை" என்று சொல்லித் தாளைப் பங்கிட்டேன்.

நரைத்தலை அம்மா, "ஏம்மா, நாங்க வந்து..." என்று ஆரம்பித்தார்.

"பேச்செல்லாம் அப்புறம், மேடம். இப்போ எதிர்ல இருக்கறவங்க முகத்தைப் பாருங்க. முகத்தை மட்டும் பார்த்து வரையணும். தாளைக் குனிஞ்சு பார்க்கக் கூடாது, பென்சிலைத் தாளை விட்டு எடுக்கவும் கூடாது."

"எனக்கு வரையவே வராதும்மா" என்றார் டைக்காரர்.

"அதுக்குத்தானே சார் வந்து உட்கார்ந்திருக்கீங்க!"

மரத்தூள்காரர் குபீரென்று சிரித்துவிட்டு, முதல் ஆளாக வரைய ஆரம்பித்தார். டைக்காரர் அவரை முறைத்தார். பிறகு, வரைவதற்காகவும் அவரையே பார்க்க வேண்டியிருந்ததால் முறைப்பைத் தொடர்ந்தார். நரைத்தலை அம்மா மட்டும் திருட்டுத்தனம் செய்தார். நான் திரும்பினால் போதும், கண் தாளுக்குப் போய்விடும். அவர் கோடு வேறு சுத்தமாக, பழகிய கையின் கோடாக இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கென்றே என் பையில் ஒரு மருந்து உண்டு: நடுவில் ஓட்டை போட்ட சின்ன அட்டை. அதைப் பென்சிலில் குடை மாதிரி மாட்டிவிட்டால் கையும் தெரியாது, கோடும் தெரியாது. நேராகப் போய் அவர் பென்சிலைப் பிடுங்கி அட்டையை மாட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லா வரைவீங்கன்னு தெரியுது, மேடம். ஆனா ஞாபகத்துல இருக்கற மூக்கை வரையறீங்க. எதிர்ல இருக்கற மூக்கை வரைங்க. மூக்கு பக்கம் வந்ததும் கை அவசரப்படும். அங்கதான் மெதுவாப் போகணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக வரைந்தார். அறையில் பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. முடித்துவிட்டு மூன்று பேரும் தாளைத் திருப்பிக் காட்டியபோது டைக்காரரின் படத்தில் மரத்தூள்காரருக்கு ஒரு கண் நெற்றியிலும் இன்னொன்று காதுக்குப் பக்கத்திலும் இருந்தது. ஆனாலும் அது அவரேதான். மரத்தூள்காரர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டைக்காரர் படத்தை மடித்துப் பையில் வைக்கப் போனவர், மடிக்காமல் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து உதவியாளர் கதவைத் திறந்தார்.

"பிரின்சிபல் மேடம், பக்கத்து ரூம்ல பத்துப் பேரும் எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்காங்க. டீச்சரை இன்னும் காணோம்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். பிரின்சிபல் கையில் இன்னும் என் அட்டை மாட்டிய பென்சில் இருந்தது.

"பத்துப் பேரையும் இன்னைக்குப் போகச் சொல்லுங்க" என்றார் பிரின்சிபல். "டீச்சர் பாடம் எடுத்தாச்சு."

மரத்தூள்காரர் தச்சுப் பிரிவுத் தலைவர் என்றும், டைக்காரர் நிர்வாக அதிகாரி என்றும் அப்போதுதான் தெரிந்தது. அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எட்டரையிலேருந்து நாலு. சம்மதம்தானே?" என்றார்.

நாத்தனார் முகம் கண்ணுக்குள் வந்தது. சம்மதம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "இல்லை சார்" என்றேன். "மத்தியானத்துக்கு மேல எவ்வளவு நேரம் வேணாலும் இருக்கேன். காலையில முடியாது."

"வீட்டுல சின்னப் பிள்ளை ஏதாவது?"

"காலையில நான் படம் வரையணும்."

"விளம்பரத்துல முழு நேரம்னு தெளிவாப் போட்டிருக்கேம்மா. நிரந்தர வேலை கிடைச்ச பிறகும் எதுக்கு உட்கார்ந்து படம் வரையணும்? அதான் டீச்சர் ஆயாச்சே?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. கோபம் வந்தால் எனக்கு மரியாதை குறையாது, குரல்தான் கூடும்.

"சார், மேடம் கை மூக்குல தடுமாறும்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுது? போன வாரம் பூரா என் கை அங்கதான் தடுமாறுச்சு. அதைத்தான் இங்க வந்து சொன்னேன். வரையறதை நிறுத்திட்டா ரெண்டு வருஷத்துல சொன்னதையே சொல்லிக்கிட்டு நிப்பேன். அந்த டீச்சரை நீங்களே வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. அதை விடுங்க, அதெல்லாம் உங்களுக்குச் சொல்ற காரணம். எனக்கு வரையணும் சார். பதினாலு வருஷமா கிடைச்ச இடுக்குல எல்லாம் வரைஞ்சிருக்கேன். இனிமே இடுக்கு வேண்டாம், காலை வேணும்."

கடைசி வரிக்குக் குரல் உடைந்துவிட்டது. அழவில்லை, ஆனால் அழுதிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவ்வளவுதான், வேலை போச்சு என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பிரின்சிபல் பென்சிலிலிருந்து அட்டையைக் கழற்றினார்.

"நான் இந்த ஸ்கூலுக்கு டிராயிங் டீச்சராத்தான் வந்தேன்" என்றார். மற்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கே தெரியாது போலிருக்கிறது. "முதல்ல சனி ஞாயிறு வரையலாம்னு இருந்தேன். அப்புறம் பெரிய லீவுல வரையலாம்னு இருந்தேன். இப்போ ரிடையர் ஆனதும் வரையலாம்னு இருக்கேன். யாரும் என்னை வரையாதேன்னு சொல்லலை. நானும் யார்கிட்டயும் கேட்கலை." அதிகாரி பக்கம் திரும்பினார். "பதவியை ரெண்டாப் பிரிச்சுடுங்க. மத்தியானம் இவங்களுக்கு."

"காலை வகுப்புக்கு யாரு, மேடம்?"

"நான்."

"ஆபீஸ் வேலையை யார் பார்க்கறது?"

"நீங்க இருக்கீங்களே! இன்னைக்கு வரையவே வராதுன்னவர் ஒரு மனுஷனையே வரைஞ்சுட்டீங்க."

தச்சுத் தலைவர் மறுபடி மேஜையைத் தட்டினார். நான் எழுந்து பிரின்சிபலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அப்படிச் செய்யலாமா கூடாதா என்று யோசிக்கவேயில்லை. மூன்று மாடியும் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார், "அரை நாளா!" என்று தலையில் கை வைத்தார். பிறகு, "கேட்டே வாங்கிட்டியா?" என்று என்னைப் புதிதாகப் பார்த்தார்.

முதல் திங்கட்கிழமை எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். எட்டரை மணி. அந்தச் சின்ன அறை, நல்ல வெளிச்சம், வெள்ளைத் தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயமாக இருந்தது. இத்தனை வருஷம் வராத படத்துக்கெல்லாம் நேரமில்லை என்று பழி போட்டுத் தப்பித்திருந்தேன். இனி பழி போட ஆள் இல்லை. எல்லாப் பென்சிலையும் சீவினேன். சீவினதையே மறுபடி சீவினேன். ஒன்பதே காலுக்கு ஒருவழியாக ஒரு கோடு போட்டேன், அது பரவாயில்லை போலத் தெரிந்தது, பக்கத்திலேயே இன்னொன்று போட்டேன்.

பத்து மணிக்கு நாத்தனார் போன் செய்தார்.

"சும்மாதானே இருக்கே? கடை வரைக்கும் போய் எனக்கு ஒரு சாமான் வாங்கி வெச்சிடேன்."

வரையும்போது யார் கூப்பிட்டாலும், "சும்மாதான் இருக்கேன், சொல்லுங்க" என்று எழுந்து போய்ப் பழகியவள் நான். பிரஷ் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேலையில இருக்கேன், அண்ணி."

"ஒண்ணரைக்குத்தானே உனக்கு வேலை?"

"அது இன்னொரு வேலை."

"சரி, சரி, முடிச்சுட்டுக் கூப்பிடு" என்று சொல்லி அவரே போனை வைத்தார்.