கேஸுக்கு ஒரு ஆள்

பூமாலை முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாந்தியின் மேல் மணலைக் கொட்டினாள். மணல் ஈரத்தை உறிஞ்சும்வரை நிற்க வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரை ஊற்றினால் தரை முழுக்கப் பரவிவிடும். பிறகு எத்தனை பிடி பிளீச்சிங் பவுடர் போட்டாலும் மத்தியானம்வரை வாடை போகாது. ஐந்து வருஷமாகச் செய்கிற வேலை. ஆனாலும் ஒவ்வொரு விடியற்காலையும் அவள் வயிறு ஒருமுறை புரண்டு தொண்டைவரை வந்துவிட்டுத்தான் அடங்கும்.

மணி ஐந்து. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் முதல் பஸ் இன்னும் வரவில்லை. பாரின் நீளக் கொட்டகைக்குள் ஒரே ஒரு டியூப்லைட் மினுக்கிக்கொண்டிருந்தது. காலடியில் பிளாஸ்டிக் டம்ளர்கள் நொறுங்கின. சப்பிப் போட்ட கோழி எலும்பு, கிழிந்த தண்ணீர் பாக்கெட்டுகள், ஊறுகாய்க் காகிதம், மேசைக்கடியில் ஒற்றைச் செருப்பு. சுவரோரம் எவனோ நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போயிருந்தான். கழிப்பறை அங்கிருந்து மூன்றே அடி.

வியாழக்கிழமை நாடாளுமன்றத் தேர்தல். ஓட்டுப்பதிவு முடியும்வரை செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மதுக்கடை திறக்கக் கூடாது. அதனால்தான் திங்கட்கிழமை ராத்திரி அவ்வளவு கூட்டம். ஊரில் குடிதண்ணீர் நிற்கப்போவதுபோல் ஆண்கள் முண்டியடித்தார்கள். ஈஸ்டர் முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. நாற்பது நாள் ஒருசந்தி விரதம் இருந்து சுத்தமான உடம்பில் மறுபடியும் இந்த நாற்றம் ஏறுகிறதே என்று பூமாலைக்கு அருவருப்பாக இருந்தது.

"நேத்து கொஞ்சமாவா குடிச்சானுங்க!" என்றபடி அடுப்படியில் வாணலியைச் சுரண்டினாள் லட்சுமியம்மாள். பாரில் சைடிஷ் போடுகிறவள். வயது அறுபதை நெருங்கியிருக்கும். நாதியற்றவள், பாருக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறையில்தான் குடியிருந்தாள்.

மதுக்கடை அரசாங்கத்துடையது. ஒட்டினாற்போல் இருக்கும் பார் மட்டும் நடராசன் ஏலம் எடுத்தது. ஆறு மணிக்கு அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நெற்றி நிறையத் திருநீறு, சலவைச் சட்டை. வாசலிலேயே நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தினமும் அப்படித்தான். சோறு போடுகிற இடத்துக்குள் அவர் காலை வைத்து யாரும் பார்த்ததில்லை.

"மூணு நாளு பாரு கெடையாது. கெடையாதுன்னா சம்பளமும் கெடையாது," என்றார். "ஆனா யாரும் வூட்டுக்குப் போவாதீங்க. பொழுது சாஞ்சா குடோன்ல வேல இருக்குது. பார்த்துச் செய்யறேன்."

குடோன் என்றது பாருக்குப் பின்னால் மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்கும் கட்டடத்தை. திங்கட்கிழமை சாயங்காலமே மதுப்பெட்டிகள் அங்கே போய்விட்டன. சுமந்தவர்கள் சப்ளையர்கள் பச்சமுத்துவும் இருதயராஜும்.

செவ்வாய் இரவு அந்தக் குடோனில் நடந்ததைப் பூமாலை அதற்குமுன் கண்டதில்லை; போன தேர்தலில் ராத்திரி வேலைக்கு அவளைக் கூப்பிடவில்லை. வெளியே சாலை வெறிச்சென்று கிடந்தது. கடைக் கதவில் பூட்டும் அரக்கு முத்திரையும். உள்ளே மூட்டைகளின் மேல் ஊர் ஆம்பிளைகள் பாதிப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். விலை இரண்டு மடங்கு. மல்லாட்டைத் தூசும் சாராய நெடியும் வியர்வையும் கலந்து மூச்சை அடைத்தன. பகலெல்லாம் தெருவில் மைக் கட்டி ஒருவனை ஒருவன் திட்டிய இரண்டு கட்சிக்காரர்களும் தோளில் வேறுவேறு நிறத் துண்டோடு ஒரே மூட்டையில் சாய்ந்து ஒரே தட்டில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலைதான் பூமாலையின் காலனிக்கு வந்து, "தாய்மாருங்க கண்ணீரத் தொடைப்போம், சாராயத்த ஒழிப்போம்" என்று தொண்டை வற்றப் பேசிய ஆள் அவளைப் பார்த்ததும் பாதி எழுந்து கும்பிட்டான். கும்பிட்ட கையிலேயே டம்ளர் இருந்தது.

"ஐஸ் இல்லியாம்மா?" என்றான்.

அடுத்த நொடி திரும்பி மூட்டை மேலேயே வாந்தி எடுத்தான். "ஏ இந்தா, தொட" என்று அவன் பக்கத்தில் இருந்தவன் பூமாலையை விரலால் கூப்பிட்டான். அவள் மணல் வாளியோடு குனிந்தாள். பாரில் என்றால் ஆட்கள் போன பிறகுதான் அழுக்கை அள்ளுவாள். இங்கே அவள் தலைக்கு மேலேயே அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை தகர அறைப் பக்கம் போனபோது லட்சுமியம்மாள் ஒரு மஞ்சள் பையில் மாற்றுப்புடவையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா கெளம்பிட்ட?"

லட்சுமியம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. "ஏன் பூமாலை, ஜெயில்ல வெத்தல போட வுடுவாங்களா?"

பூமாலைக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. தடை நாளில் எதையும் பிடிக்கவில்லை என்று போலீஸ் மேலிடத்துக்கு எழுத முடியாதாம். ஏட்டு நடராசனிடம் கேட்டிருக்கிறார்: இருபத்து நாலு குவார்ட்டர், கேஸுக்கு ஒரு ஆள். மீதிப் பெட்டிகளை யாரும் தொடமாட்டார்கள். நடராசன் விடிந்ததும் வந்து லட்சுமியம்மாளிடம் பேசிவிட்டார்.

"பொம்பளைன்னா ஜாமீன் ஜல்தியா குடுத்துடுவாங்களாம். ரெண்டே நாளுதான்றாரு. முடியாதுன்னா ரூம காலி பண்ணிடுன்னாரு. நான் எங்க போவேன் சொல்லு?"

பூமாலை பார்க் கழிவை எத்தனையோ நாள் கையால் அள்ளியிருக்கிறாள். ஆனால் அந்தச் சலவைச் சட்டை, அந்தத் திருநீறு, "ரெண்டே நாளுதான்" என்ற அந்த இதமான குரல் எல்லாம் மனதில் வந்தபோதுதான் நிஜமாகவே குமட்டியது. அறைக்கு வெளியே போய்க் காறித் துப்பினாள். நேராக இருதயராஜிடம் போனாள்.

பச்சமுத்துவும் அங்கே இருந்தான். கேட்டதும் அவன் முகம் செத்துப்போயிற்று. மூன்று வருஷத்துக்கு முன் சட்டமன்றத் தேர்தலில் கேஸுக்குப் போன ஆள் அவன்தான். ஏழு நாள் உள்ளே இருந்தான். இன்னும் வாய்தாவுக்கு அலைகிறான். சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு மச்சான் வழி பண்ணியிருந்தான்; பாஸ்போர்ட் விசாரணையில் கேஸ் தெரிந்து எல்லாம் நின்றுபோனது.

"மொத நாளு எனக்கும் ரெண்டு நாளுன்னுதான் சொன்னாரு, பூமாலக்கா," என்றான். "அன்னிக்கு யாராவது ஒருத்தர் போவாதடான்னு சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்."

இருதயராஜ் தரையைப் பார்த்தான். அன்று அவனும் கூட இருந்தவன்தான். பூமாலையும் இருந்தாள். 'நல்லவேளை, நம்மைக் கேட்கவில்லை' என்று அன்று தான் நினைத்தது அவள் ஞாபகத்துக்கு வந்தது.

"இப்ப சொல்லுவோம்," என்றாள்.

மற்ற இரண்டு சப்ளையர்களையும் கூப்பிட்டார்கள். ஒருவன் தயங்கினான். வேலை போய்விட்டால் என்றான். "போனா போவட்டும்டா, அடுத்த எலெக்சனுக்கு ஒன் பேருதான்," என்றான் பச்சமுத்து. அதற்குமேல் அவன் தயங்கவில்லை.

பத்து மணிக்கு நடராசன் வந்தபோது ஆறு பேரும் குடோன் வாசலில் நின்றிருந்தார்கள்.

"என்னா கூட்டம்? லட்சுமி, ரெடியா?"

"லட்சுமிக்கா போவாது மொதலாளி," என்றாள் பூமாலை.

"ஒன்ன எவன் பஞ்சாயத்துக்குக் கூப்ட்டான்? போறதும் போவாததும் அது சொல்லட்டும்."

எல்லோரும் லட்சுமியம்மாளைப் பார்த்தார்கள். அவள் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, முந்தானையால் உதட்டைத் துடைத்தாள்.

"போவ மாட்டேன்."

நடராசனின் குரலில் இருந்த இதம் போயிற்று. "எத்தினி வருசமா ஓசி ரூம்ல குந்திக்கினு இருக்கிற? இந்தப் பச்சமுத்து போனானே, என்னா கெட்டுப்போச்சி? வக்கீலு, ஜாமீனு எல்லாம் யாரு பார்த்தது?"

"என் பொழப்பு கெட்டுப்போச்சி மொதலாளி," என்றான் பச்சமுத்து. "அதுக்கு யாரு ஜாமீன் குடுத்தா?"

"சரக்கு உங்குளுது. குடோனு உங்குளுது. சாவி உங்க இடுப்புல இருக்குது," என்றாள் பூமாலை. "பேரு மட்டும் எங்குளுதா? உங்க பேர எழுதிக்கச் சொல்லுங்களேன். ரெண்டே நாளுதான?"

அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கையின் கீழே ஆறு பேரும் நகராமல் நின்றதால் அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவினார்.

அப்போது ஜீப் வந்தது. ஏட்டு இறங்காமலே, "எங்கய்யா ஆளு?" என்றார். நடராசன் ஓடினார். "கொஞ்சம் பேஜாரு பண்ணிக்கினு இருக்குதுங்க, இதோ முடிச்சிடறேன்."

ஏட்டின் மடியில் எழுதிய காகிதம் ஒன்று இருந்தது. எல்லாம் எழுதியாகிவிட்டது, பெயருக்கு மட்டும் இடம் காலி. பத்தாவது படித்த இருதயராஜ் ஜீப்பை ஒட்டி நின்று அதை உரக்கப் படித்தான்: "ஓடையோர முட்புதரில் சாக்குப்பையுடன் பதுங்கியிருந்தவரைத் துரத்திப் பிடித்து..."

"எனுக்கு முட்டி மடக்க முடியாம நாலு வருசம் ஆவுது சாமி," என்றாள் லட்சுமியம்மாள். "நான் எப்பிடிப் பொதர்ல பதுங்குனேன்? எப்பிடி ஓடுனேன்?"

ஜீப் ஓட்டுகிற போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏட்டு காகிதத்தைக் கவிழ்த்தார்.

"எழுதறதா இருந்தா ஆறு பேரு பேரையும் எழுதுங்கையா," என்றாள் பூமாலை. "பொதரு வேணாம். இந்தக் குடோன எழுதுங்க. இது யாருதுன்னு எழுதுங்க. நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடறோம்."

சாலையில் தேர்தல் அதிகாரிகளின் வண்டி ஒன்று போயிற்று. ஏட்டு அது மறையும்வரை பார்த்திருந்தார். "எலெக்சன் நேரத்துல கூட்டம் சேக்காதீங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடராசன் பக்கம் சாய்ந்தார். "எனக்கு சாயந்தரத்துக்குள்ள ஒண்ணு வேணும்யா. எங்கேர்ந்து வந்தாலும் சரி."

ஜீப் போயிற்று. அரை மணி நேரத்தில் லட்சுமியம்மாளின் சட்டிபானைகள் சாலையில் கிடந்தன. ஆறு பேருக்கும் வேலை இல்லை என்றார் நடராசன். பானையைப் பூமாலையும் மூட்டையைப் பச்சமுத்துவும் தூக்கிக்கொண்டு காலனிக்கு நடந்தார்கள். பூமாலையின் புருஷன் சென்னையில் கட்டட வேலை. வீட்டில் ஒரு பாய் விரிக்க இடமிருந்தது.

மறுநாள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தபோது வீட்டு வாசலில் யாரோ ஒரு பெண் காத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கண்கள் வீங்கியிருந்தன. பேர் ரோஜா என்றாள். வானூர் பக்கத்தில் இன்னொரு பாரில் சப்ளையராக இருக்கும் ராம்கியின் மனைவி. அந்தப் பார் நடராசனின் மச்சானுடையது.

"நேத்து சாயந்தரம் என் வூட்டுக்காரரப் புடிச்சிக்கினு போயிட்டாங்க. பொதர்ல ஒளிஞ்சிருந்தாராம். அவரு அப்ப கொழந்தைக்குச் சோறு ஊட்டிக்கினு இருந்தாரு." அவள் பூமாலையை நேராகப் பார்த்தாள். "நீங்க கேஸுக்கு ஆள் தரமாட்டேன்னுட்டீங்களாமே. அதான் எங்க வூட்டுல வந்து எடுத்துக்கினாங்க. இப்ப உங்குளுக்கு நிம்மதிதான?"

அந்தக் கேள்வி பூமாலையை அறைந்தாற்போல் இருந்தது. ஜீப் போனபோது ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். அது வேறொரு வாசலுக்குத்தான் போயிருக்கிறது. மறுபடியும் அந்தக் குமட்டல். இந்தமுறை தன்மேலேயே.

"நிம்மதி இல்லம்மா," என்றாள். "எப்ப கோர்ட்டுக்குக் கொண்டார்றாங்க?"

"இன்னிக்கி எலெக்சன் லீவாம், நாளைக்குக் காலையில. எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

"எங்களத் தெரியுமே," என்றாள் லட்சுமியம்மாள் உள்ளேயிருந்து. "குந்து. மொதல்ல கஞ்சி குடி."

வெள்ளிக்கிழமை காலை கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் அவர்கள் ஆறு பேரும் ரோஜாவோடு நின்றார்கள். பச்சமுத்துவுக்கு அந்த இடம் அத்துப்படி. தன் வாய்தாக்களில் பழகிய ஒரு சின்ன வக்கீலிடம் அழைத்துப் போனான். பெயருக்கு இடம் விட்டு எழுதிய காகிதத்தைப் பார்த்ததையும் படித்ததையும் இருதயராஜ் ஒரு சொல் விடாமல் சொன்னான். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இத எழுத்துல குடுப்பீங்களா? கேஸு உங்க மேலயும் திரும்பலாம்."

"குடுப்போம்," என்றாள் பூமாலை. புதன்கிழமை தயங்கிய சப்ளையர்தான் முதலில் பேனாவுக்குக் கை நீட்டினான்.

ராம்கியைக் கொண்டுவந்தார்கள். கசங்கிய சட்டையில், சவரம் செய்யாத முகத்தோடு, யாரையும் பார்க்காமல் நடந்தான். வராந்தாவில் குமாஸ்தா எட்டிப் பார்த்து, "ராம்கிக்கு யாரு வந்திருக்கறது?" என்று கத்தினார்.

ரோஜா கையைத் தூக்கினாள். பூமாலை தூக்கினாள். ஆறு பேரும் வேப்பமரத்தடியிலிருந்து முன்னால் வந்தார்கள். முன்பின் தெரியாத அத்தனை முகங்களையும் பார்த்து ராம்கி குழம்பினான்.

சாலைக்கு எதிர்ப்பக்கம், டீக்கடை ஓரத்தில் நாலைந்து பேர் அதுவரை ஒதுங்கி நின்றிருந்தார்கள். ராம்கியோடு வேலை செய்கிறவர்கள். முதலாளியின் ஆள் பார்த்துவிடுவானோ என்று காலையிலிருந்து உள்ளே வராமல் இருந்தவர்கள். அவர்களில் ஒரு பெரியவர், டீத் தம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்தார். பிறகு சாலையில் இறங்கினார். அவர் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள்.

ஜாமீன் கிடைக்குமா என்பது சாயங்காலம்தான் தெரியும் என்றார் வக்கீல். "நிப்போம்" என்றாள் பூமாலை. புதிதாக வந்தவர்களுக்கு நிழலில் இடம்விட்டு எல்லோரும் நெருங்கி நின்றார்கள்.