பரிமளத்தின் கல்

எங்கள் ஆட்களின் கையில் ஒரு ரியூப் லைற்றைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் அதில் தங்கள் பெயரை எழுதுவார்கள். வெளிச்சம் வருகிறதா என்று பிறகுதான் பார்ப்பார்கள்.

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு பிளாசாவின் பேஸ்மென்றில் கூடுகிற எங்கள் முதியோர் மன்றத்துக்கு நான் செயலாளர். எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. கார் ஓடுவேன், கொம்பியூட்டர் தெரியும், வாயும் இருக்கிறது என்பதால் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அந்த அறையில் பெயர் இல்லாத பொருள் இல்லை. மணிக்கூட்டில் ஓர் உபயம், தேத்தண்ணிக் கேத்திலில் ஓர் உபயம், கதிரைகளின் முதுகில் வரிசையாக உபயம். பேனாட் அண்ணை வாங்கித் தந்த குப்பைவாளியில்கூட அவருடைய அப்பாவின் பெயர் இருக்கிறது. குப்பை போடும்போதெல்லாம் அந்த மனிசனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

மேடைக்கு நேர் மேலே இருந்த லைற்றில் சிவப்பு மையால் ‘உபயம்: கனகசிங்கம் குடும்பம்’ என்று எழுதியிருந்தது. அது ஒரு தீபாவளிக்கு முன்பு செத்துப்போனது. நான் புதிதாக ஒன்று வாங்கிவந்து, ஏணியையும் எடுத்துவிட்டேன். பேனாட் அண்ணை ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“உது கனகசிங்கத்தின்ர லைற், அன்ரனெற். நாங்கள் கழட்டினா அந்தாள் என்ன நினைக்கும்?”

“அப்ப அவரிட்டச் சொல்லுங்கோ.”

“மனிசி படுத்த படுக்கையாக் கிடக்கேக்க லைற்றைப் பற்றிக் கதைக்கிறதே?”

அதுவும் நியாயம்தான். அடுத்த மாசியில் கனகசிங்கம் அண்ணையின் மனைவி பரிமளம் அக்கா காலமானார். அதற்குப் பிறகு சொல்ல யாருக்கு மனம் வரும்? அரை இருட்டிலே பிங்கோ விளையாடினோம், அரை இருட்டிலே பிறந்தநாள் கேக் வெட்டினோம். நான் வாங்கிய புதிய ரியூப் அலுமாரிக்குள் கிடந்தது.

பரிமளம் அக்காவைக் கடைசி இரண்டு வருடமும் பார்த்தவள் முத்தேயு. கென்யாக்காரி. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிடுகிற வேலை அவளுக்கு. காலையில் வந்து, முழங்காலை மடித்துக் குனிந்து, அக்காவை இரண்டு கையாலும் தூக்கிக் கதிரையில் இருத்துவாள். “பரிமளா” என்று நீட்டி முழக்கித்தான் கூப்பிடுவாள். அக்காவுக்கு இங்கிலிஷ் கொஞ்சம், அவளுக்குத் தமிழில் நாலு சொல். ஆனாலும் அந்த அறைக்குள் என்ன கதைத்துச் சிரித்தார்களோ, சிரிப்புச் சத்தம் வாசல்வரை கேட்கும். அக்கா போன பிறகும் ஞாயிறுகளில் அண்ணையிடம் வந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். எங்கள் ஆட்கள் அவளை முத்து ஆக்கிவிட்டார்கள்.

அப்படி ஒரு ஞாயிறில்தான் ஆற்றின் கதை வந்தது. நானும் அங்கே இருந்தேன்.

முத்தேயுவின் ஊர் மக்குவேனிப் பக்கம். அங்கே ஓர் ஆறு இருக்கிறது, வருடத்தில் சில நாள்தான் அதில் தண்ணீர் ஓடும். மிச்ச நாளெல்லாம் மணல். முன்பு இரண்டு பருவமும் மழை தவறாதாம். இப்போது மழைக்குப் புத்தி பேதலித்துவிட்டது. வராமலே இருந்துவிட்டு, வருகிற அன்று தோட்டத்து மண்ணையும் வாரிக்கொண்டு போகிறது. தண்ணீர் தேடிப் பெண்கள் பாதி நாள் நடக்கிறார்கள். சும்மா இருந்தால் சரிவராது என்று முத்தேயுவின் அக்கா ஊர்ப் பெண்களைச் சேர்த்து ஒரு வேலை தொடங்கியிருந்தார். ஆற்றுக்குக் குறுக்கே கல்லால் ஒரு சுவர். வெள்ளம் கொண்டுவருகிற மணல் சுவருக்குப் பின்னால் தங்கிவிடும், மணலுக்குள்ளே தண்ணீர் தங்கிவிடும்.

“வெயிலுக்கு அது தெரியாது” என்றாள் முத்தேயு. கடும் கோடையிலும் கையால் தோண்டினால் ஊறுமாம். மண் அரிக்காமல் இருக்கச் சரிவுகளில் வரம்பு கட்டி மரமும் நடுகிறார்கள். கல் இருக்கிறது, மணல் இருக்கிறது, கைகளும் இருக்கின்றன. இல்லாதது சீமெந்து.

கனகசிங்கம் அண்ணை கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரைச்சலுக்குள் இருந்தே பழகியதாலோ என்னவோ, பேச்சு குறைவு. கோப்பையை வைத்துவிட்டு, “சீமெந்து என்ர” என்றார். எனக்கு அந்த மனிதர்மேல் மதிப்பு கூடிப்போனது.

அவர் அதோடு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஐப்பசிக் கூட்டத்துக்குத் தள்ளுவண்டியில் எதையோ போர்வையால் சுற்றி உருட்டிக்கொண்டு வந்தார். நாலு பேர் பிடித்து மேசையில் வைத்தோம். போர்வையை விலக்கினால் கருங்கல். கல்லறைக் கல் வெட்டுகிற கடையில் செய்வித்திருக்கிறார். ‘உபயம்: அமரர் பரிமளம் கனகசிங்கம் ஞாபகார்த்தமாக. ரொறன்ரோ, கனடா.’ மேலே அக்காவின் முகம், மூக்குக்கண்ணாடி சகிதம். மார்கழியில் முத்தேயு லீவில் ஊருக்குப் போகும்போது இதைக் கொண்டுபோய்ச் சுவரில் பதிக்க வேண்டும் என்பது திட்டம். யாரிடமும் ஒரு சொல் கேட்கவில்லை. பெயர் போடலாமா என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் எங்கே இருக்கிறது?

“ஆத்தில போட்டாலும் அளந்து போடச் சொல்லியிருக்கு” என்றார் பேனாட் அண்ணை. “இவர் மெய்யாவே ஆத்திலதான் போடுறார்.”

எல்லோரும் சிரித்தார்கள். அன்று தேத்தண்ணிக்கு வந்திருந்த முத்தேயு மட்டும் சிரிக்கவில்லை. கல்லில் இருந்த முகத்தை விரலால் தடவினாள். பிறகு என் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அங்கிளிடம் நீதான் சொல்ல வேண்டும்” என்றாள். அவள் பேசியது இங்கிலிஷ், நான் தமிழில் எழுதுகிறேன். “அந்தச் சுவரில் யாருடைய பெயரையும் வைக்க முடியாது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சீமெந்து மட்டும் வேண்டும், செத்தவளின் பெயர் வேண்டாமா என்று கேட்டுவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

“எங்களுக்கு மேலே இருக்கிற ஊரில் இப்படி ஒரு சுவர் இருந்தது. வெளிநாட்டு ஆட்கள் கட்டிக் கொடுத்தது. பெரிய பலகையில் அவர்களுடைய பெயர். ஒரு மழைக்கு ஓரத்தில் வெடித்தது. நாலு கல்லும் ஒரு வாளிச் சீமெந்தும் போதும், திருத்தியிருக்கலாம். ஆனால் ஊரே பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றது. சுவர் அவர்களுடையது, அவர்கள் வருவார்கள், நாங்கள் தொட்டால் மரியாதையில்லை என்று. அவர்கள் வரவில்லை. அடுத்த வெள்ளம் அந்த ஓரத்தால் போய்விட்டது. இன்றைக்கும் சுவர் நிற்கிறது, பலகை நிற்கிறது. ஆறு பக்கத்தால் ஓடுகிறது.”

அதைப் பார்த்துவிட்டுத்தான் அவளுடைய ஊர்ப் பெண்கள் முடிவெடுத்தார்களாம், பெயரே வேண்டாம் என்று. கட்டுகிற பெண்களின் பெயர்கூட அங்கே எழுதப்படுவதில்லை. காலையில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவள் கையை உயர்த்திவிட்டுக் கல்லைத் தூக்குவாள். வர ஏலாதவளின் பெயரையும் கூப்பிடுவார்கள், அவளுக்காக இன்னொருத்தி தூக்குவாள். பெயருக்கு அவ்வளவுதான் வேலை.

குசினியிலிருந்து வெளியே வந்தேன். இருட்டில் மேசை காலில் இடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். செத்துப்போன லைற்றுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தேன். என் கோபம் வந்த வழியே போய்விட்டது.

“அண்ணை, மேல ஒருக்காப் பாருங்கோ” என்றேன். “உந்த லைற் எரியாமக் கிடக்கிறது தெரியுமே?”

கனகசிங்கம் அண்ணை அண்ணாந்து பார்த்தார். “அதுதானே ஒரே இருட்டாக் கிடக்கு எண்டு பாத்தன். எப்ப போனது?”

“ஒரு வருசமாச்சு.”

“ஏன் மாத்தேல்ல?”

பேனாட் அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்கட பேர் கிடக்கு, அண்ணை. அதால ஒருத்தரும் தொடேல்ல.”

பிறகு முத்தேயு சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் லைற்றைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், திரும்பவும் லைற்றைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

“விளங்குது, பிள்ளை” என்றார். “என்ர பேருக்காக இல்லை. அவ போனதிலயிருந்து ஒருத்தரும் அவவின்ர பேரைச் சொல்லுறேல்ல. எனக்கு நோகுமெண்டு நினைச்சு ‘அவ’ எண்டுறீங்கள், ‘அக்கா’ எண்டுறீங்கள். முத்துகூட இப்ப ‘அன்ரி’ எண்டுதான் சொல்லுறாள். வீட்டில நான் மட்டும்தான். என்ர வாயாலயும் வருகுதில்லை. கல்லெண்டாலும் சொல்லட்டுமெண்டு நினைச்சன்.”

அந்த நேரத்திலாவது யாராவது அந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். நான் உட்பட ஒருவரும் சொல்லவில்லை.

அவர் எழும்பினார். “முத்து, சீமெந்து சீமெந்துதான். அதில மாற்றமில்லை. கல்லை நான் திருப்பிக் கொண்டுபோறன்” என்றார். பிறகு, “அன்ரனெற், ஏணி எங்க?” என்று கேட்டார்.

எங்கள் தடையை மீறி அவரே ஏறினார். பேனாட் அண்ணை ஏணியைப் பிடித்துக்கொண்டார், இந்த முறை தடுப்பதற்கு இல்லை. புதிய ரியூப் பளிச்சென்று எரிந்ததும், எங்கள் எல்லோருக்கும் ஒரு வயது கூடிப்போனது அப்போதுதான் தெரிந்தது. அண்ணை அதில் பெயர் எழுதவில்லை. பழக்கதோஷத்தில் யாரோ பேனையை நீட்டினார்கள், முறைத்துப் பார்த்தார்.

கருங்கல் அவருடைய காரின் பின்பக்கத்திலேயே கிடந்தது. இறக்க மனமில்லை. பனிக்காலம் வந்ததும் அதற்கு ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது. பின்னால் பாரம் இருந்தால் கார் வழுக்காது என்றார். எங்கள் ஸ்கார்பரோவில் பாதிப் பேர் காரில் மணல்மூட்டை வைத்துக்கொண்டு ஓடினார்கள், அவர் மனைவியின் முகத்தை வைத்துக்கொண்டு ஓடினார். மனிசி இருந்த காலத்திலும் அவரை வழுக்கவிடாமல் வைத்திருந்தவர்தானே.

முத்தேயு மார்கழியில் போனாள். தையில் ஒரு படம் அனுப்பினாள், வந்து இறங்கிய சீமெந்து மூட்டைகளின் படம். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. மாசியில் அக்காவின் ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை, எங்கள் கூட்டத்தன்று காலையில், என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. ‘அங்கிளோடு இருந்து பார்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். மன்றத்துப் பெரிய ரீவியில் போட்டேன். வெளிச்சம் கூடிப்போய்ப் படம் தெரியவில்லை. பேனாட் அண்ணை யாரையும் கேட்காமல் எழும்பிப் போய் லைற்றை நூர்த்தார்.

விடிந்துகொண்டிருக்கிற நேரம். ஆற்று மணலில் பெண்கள் நிற்கிறார்கள், பின்னால் இடுப்பளவு உயர்ந்த சுவர். முத்தேயுவின் அக்காவாக இருக்க வேண்டும், உயரமான ஒரு பெண் பெயர்களைக் கூப்பிடுகிறார். முவிகாலி. கை உயர்கிறது, குவியலிலிருந்து ஒரு கல் தலைக்குப் போகிறது. கனினி. இன்னொரு கை, இன்னொரு கல்.

“பரிமளா.”

படத்தில் ஒருவரும் அசையவில்லை. எங்கள் அறையிலும் ஒருவரும் அசையவில்லை.

“ஓம், வந்திருக்கிறா” என்றார் கனகசிங்கம் அண்ணை. பள்ளிக்கூடத்தில் வரவு சொல்கிற மாதிரி, சத்தமாக.

அப்போது பெண்களுக்கு நடுவிலிருந்து முத்தேயு முன்னுக்கு வந்து கையை உயர்த்தினாள். முழங்காலை மடித்துக் குனிந்து, ஒரு கல்லை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். அக்காவைக் கட்டிலிலிருந்து தூக்குவாளே, அதே மாதிரி. சுவர்வரை நடந்துபோய் மெதுவாக இருத்தினாள். பக்கத்தில் நின்றவள் கல்லைச் சுற்றிச் சீமெந்தை அப்பினாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வீடியோவுக்குக் கீழே முத்தேயு எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். தான் திரும்பி வந்த பிறகு கனினி தூக்குவாளாம். சுவர் முடியும்வரை ஒவ்வொரு வேலைநாளும் அந்தப் பெயரைக் கூப்பிடுவார்களாம். முடிந்த பிறகும், எங்கேயாவது வெடித்துத் திருத்தக் கூடுகிற நாட்களில் கூப்பிடுவார்களாம்.

அண்ணை கண்ணைத் துடைக்கவில்லை, ஒளிக்கவும் இல்லை. பேனாட் அண்ணை தொண்டையைச் செருமினார்.

“பரிமளம் சின்னக் கல்லா எடுக்கேல்ல, பாத்தியளே” என்றார். “எப்பவும் பெரிசாத்தான் எடுப்பா.”

கனகசிங்கம் அண்ணை சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். பிறகு எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது. பரிமளம் பிங்கோவில் களவடித்த கதை, பரிமளம் உப்புப் போட மறந்த பொங்கல், பரிமளத்தின் கைமருந்துக்குப் பயந்த வைத்தியர். பேர் பேராக வந்து விழுந்தது.

“அன்ரனெற், இன்னொருக்காப் போடுங்கோ” என்றார் அண்ணை.

போட்டேன். முவிகாலி போனாள், கனினி போனாள். பரிமளா என்று கூப்பிட்டபோது அறை முழுக்க ஓம் என்றது.